ரிட்டயர்மென்ட் பணத்துக்குப் பெரிய ஆபத்து எது? வண்டலூர்ல இருக்கு ஒரு பதில்!



ரிட்டயர்மென்ட் பிளானிங்னு சொன்னாலே எல்லாரும் கேட்கிற கேள்வி, "எவ்வளவு சேர்க்கணும்?" யாரும் கேட்காத கேள்வி ஒண்ணு இருக்கு. ஆபீஸ் போகாத முதல் திங்கட்கிழமை, காலை 10 மணிக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?

இது மனசு சம்பந்தப்பட்டது மட்டும் இல்லை, பணம் சம்பந்தப்பட்டதும்தான். பி.எஃப்., கிராஜுவிட்டி மொத்தமா கைக்கு வர்ற நேரமும், செய்ய வேலை இல்லாம போற நேரமும் ஒண்ணு. "சும்மா இருக்க முடியலை"ன்னு மச்சான் கடையில பார்ட்னர் ஆகிறது, மொபைல்ல ஆப்ஷன்ஸ் டிரேடிங் பண்றது எல்லாம் இங்கேதான் ஆரம்பிக்குது. 2024 செப்டம்பர்ல செபி வெளியிட்ட ஆய்வுப்படி, மூணு நிதியாண்டுகள்ல எஃப் அண்ட் ஓ-வில் இறங்கின தனிநபர்கள்ல 93% பேருக்கு நஷ்டம். பொழுதுபோக்குக்கு இது ரொம்ப காஸ்ட்லி!

அதுக்கு மாற்றா, செலவு குறைஞ்ச ஒரு வழியைப் பார்ப்போம். உயிரியல் பூங்காவில் தன்னார்வலரா சேர்றது.

என்ன வேலை?

கூண்டுக்குள்ள போய் புலிக்கு இறைச்சி போடுற வேலைன்னு நினைக்காதீங்க. அது பயிற்சி பெற்ற ஊழியர்களோட பொறுப்பு. தன்னார்வலருக்கு மனுஷங்களோடதான் வேலை. வழி காட்டணும், குழந்தைகளுக்கு விளக்கணும், பிளாஸ்டிக் போடாம பார்த்துக்கணும், குரங்குக்கு சிப்ஸ் நீட்டுறவரைத் தடுக்கணும்.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 38ஜே பிரிவின்படி, பூங்காவில் விலங்கைச் சீண்டுறது, தீனி கொடுக்கிறது, கத்தித் தொந்தரவு பண்றது, குப்பை போடுறது எல்லாமே தடை. காணும் பொங்கல் அன்னிக்கு வண்டலூர் கூட்டத்தைப் பார்த்தவங்களுக்கு, இதைப் பொறுமையா எடுத்துச் சொல்ல எத்தனை பேர் வேணும்னு புரியும். முப்பது வருஷம் வகுப்பறையிலோ பேங்க் கவுன்டர்லயோ இருந்தவங்களுக்கு இது கைவந்த கலை.

எவ்வளவு செலவாகும்?

சம்பளம் கிடையாது. செலவு உங்களோடது. வாரம் 2 நாள், மாசம் 8 நாள்னு வைங்க. போக வர 16 பஸ் பயணம். சென்னையில் வசிக்கிற 60 வயசு தாண்டினவங்களுக்கு எம்.டி.சி. மாசம் 10 இலவச டோக்கன் தருது. மீதிக்குத்தான் டிக்கெட்.

- பஸ்: ₹200
- டீ, சாப்பாடு: ₹800
- ஷூ, தொப்பி, குடை (மாசக் கணக்கில்): ₹300
- இதர செலவு: ₹200

மொத்தம் ₹1,500. வருஷத்துக்கு ₹18,000.

இதை வீட்டுச் செலவுல கை வைக்காம எடுக்க முடியுமா? முடியும். சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டத்துல 2025-ல் வட்டி 8.2%. அதில் ₹2.20 லட்சம் போட்டா, வருஷம் ₹18,040 வட்டி. மூணு மாசத்துக்கு ஒரு தடவை ₹4,510 வரும். போடுற அன்னிக்கு என்ன வட்டியோ, அதுவே 5 வருஷத்துக்கு. வட்டிக்கு வரி உண்டு, ஞாபகம் வைங்க. அசல் பத்திரமா இருக்கும், உங்க திங்கட்கிழமையும் பத்திரமா இருக்கும்.

இதையும் கவனிங்க

1. நீங்க கொடுக்கிற நேரத்துக்கு வரிச்சலுகை இல்லை. விலங்கு தத்தெடுப்புத் திட்டத்துல பணம் கொடுத்தா, 80ஜி ரசீது உண்டான்னு கேளுங்க. பழைய வரி முறையில் இருக்கிறவங்களுக்குத்தான் அந்தக் கழிவு கிடைக்கும். ₹2,000-க்கு மேல ரொக்கமா கொடுத்தா அதுவும் கிடைக்காது.

2. தன்னார்வலர் ஊழியர் இல்லை. அதனால இ.எஸ்.ஐ. மாதிரி பாதுகாப்பு எதுவும் வராது. ஹெல்த் இன்ஷூரன்ஸை விட்டுடாதீங்க. பர்சனல் ஆக்சிடென்ட் பாலிசி எந்த வயசு வரைக்கும் செல்லும்னு பாருங்க.

3. வண்டலூர் பூங்கா 602 ஹெக்டேர், அதாவது சுமார் 1,490 ஏக்கர். வெயில், நடை ரெண்டும் ஜாஸ்தி. முதல்ல டிக்கெட் எடுத்து பார்வையாளரா போங்க. மூணு மணி நேரம் நடந்து பாருங்க. முட்டி என்ன சொல்லுதுன்னு கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

4. இப்போ ஆள் எடுக்கிறாங்களா, வயசு வரம்பு உண்டா, எத்தனை மணி நேரம்னு பூங்கா அலுவலகத்துல நேர்ல கேட்டுக்கோங்க. செவ்வாய்க்கிழமை போகாதீங்க, அன்னிக்குப் பூங்காவுக்கு லீவு!

பூங்கா ஒத்துவரலைன்னா நூலகம், அரசுப் பள்ளி, மருத்துவமனை உதவி மையம்னு பார்க்கலாம். எதுவா இருந்தாலும், ரிட்டயர் ஆகிறதுக்கு ஆறு மாசம் முன்னாடியே தேட ஆரம்பிங்க. எஸ்.ஐ.பி., எஃப்.டி. எழுதி வச்ச அதே நோட்டுல திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு கட்டம் போடுங்க. எத்தனை கட்டம் காலியா இருக்குன்னு பாருங்க. அந்தக் காலி இடத்தைத் தேடித்தான் "சார், ஒரு நல்ல ஸ்கீம் இருக்கு"ன்னு போன் வரும்.

உங்க ஏழு கட்டத்துல என்ன எழுதினீங்கன்னு வீடியோவுக்குக் கீழ கமெண்ட்ல சொல்லுங்க!