சுவர்த்துளைக் கணினித் திட்டம்

சுவர்த்துளைக் கணினித் திட்டம் என்பது, பொது இடத்துச் சுவரில் பதிக்கப்பட்ட கணினியைக் கொண்டு சிறுவர்கள் ஆசிரியரின்றித் தாமாகவே கற்பதை ஆராய்ந்த ஓர் இந்தியக் கல்விச் சோதனை ஆகும். கற்றல் நிகழும் இடம் வகுப்பறையை விட்டு வெளியேறினால் ஆசிரியரின் பங்கு என்னவாகும் என்ற கேள்வியை இது எழுப்பியது.

தோற்றம்

1999 ஆம் ஆண்டு சனவரி 26 அன்று, புது தில்லியின் கால்காஜி பகுதியில், என்ஐஐடி நிறுவன வளாகத்தை அடுத்திருந்த குடிசைப் பகுதியை நோக்கிய சுவரில் துளையிட்டு, இணைய இணைப்புள்ள கணினி ஒன்று பொருத்தப்பட்டது. அந்நிறுவனத்தில் பணியாற்றிய சுகதா மித்ரா இச்சோதனையை மேற்கொண்டார். பயிற்சி ஏதும் அளிக்கப்படவில்லை. எனினும் சிறுவர்கள் விரைவிலேயே இணையத்தில் உலாவக் கற்றனர். திரையில் நகரும் சுட்டுக்குறியை இந்தியில் 'சுயி' (ஊசி) என்றும், காத்திருப்பைக் குறிக்கும் மணற்கடிகாரப் படத்தை 'டமரு' (உடுக்கை) என்றும் தாமே பெயரிட்டு அழைத்தனர்.

கற்கும் முறை

ஒருவர் கணினியை இயக்க, மற்றவர்கள் சூழ்ந்து நின்று யோசனை கூறுவர். ஒருவர் கண்டறிந்தது விரைவில் குழு முழுவதற்கும் பரவும். மித்ரா இதனைக் 'குறைந்த தலையீட்டுக் கல்வி' என அழைத்தார்.

காளிக்குப்பம் ஆய்வு

தமிழ் பேசும் சிற்றூரான காளிக்குப்பத்தில், 10 முதல் 14 வயது வரையிலான சிறுவர்களுக்கு மூலக்கூற்று உயிரியல் பாடங்கள் கணினியில் வழங்கப்பட்டன. 2010 இல் வெளியான ஆய்வு முடிவின்படி, தாமாகக் கற்றபோது அவர்கள் அருகிலிருந்த அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இணையான மதிப்பெண் பெற்றனர். பின்னர், அப்பாடத்தை அறியாத ஒருவர் உடனிருந்து ஊக்கமளித்தபோது, தில்லியின் சிறந்த தனியார் பள்ளி மாணவர்களின் நிலையை எட்டினர்.

விமர்சனங்கள்

தில்லி மையத்தைப் பார்வையிட்ட ஆய்வாளர் மார்க் வார்சௌர், இணைய இணைப்பு பெரும்பாலும் இயங்கவில்லை என்றும், இந்தியில் பாடங்கள் இல்லை என்றும், சிறுவர்கள் பெரும்பாலும் படம் வரைவதிலும் விளையாட்டிலும் ஈடுபட்டனர் என்றும் 2002 இல் எழுதினார். உத்தராகண்டத்தின் அல்மோரா பகுதியில் இம்மையங்கள் கைவிடப்பட்டிருந்ததைப் பாயல் அரோரா 2010 இல் சுட்டிக்காட்டினார்.

பிற்கால வளர்ச்சி

2009 முதல் பிரித்தானியத் தன்னார்வலர்கள் இணையவழி இந்தியச் சிறுவர்களுடன் உரையாடி ஊக்கமளித்தனர். இவர்களுள் ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் இருந்தனர். 2013 இல் மித்ராவுக்கு 10 இலட்சம் அமெரிக்க டாலர் மதிப்புள்ள டெட் பரிசு வழங்கப்பட்டது. கணினி கற்கும் இடத்தை மாற்றக்கூடும் என்பதை இத்திட்டம் காட்டியது. ஆயினும் பராமரிப்பு, தாய்மொழிப் பாடங்கள், உடனிருந்து ஊக்குவிப்பவர் ஆகியவற்றின் தேவையையும் அதன் அனுபவங்கள் உணர்த்தின.