கள்வனிலும் கொடியது மௌனம்

ஓர் ஊரிலே கள்வன் புகுந்தால் வீட்டார் கூக்குரலிடுவர்; அயலார் தத்தம் கதவுகளைத் தாழிடுவர். கணினி வழியே பொருளிழந்த நிறுவனங்களோ பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. நற்பெயர் கெடும் என்ற அச்சமே காரணம். அம்மௌனத்தின் விலை யாது?

2015 ஜனவரியில் எக்குவடோர் நாட்டு வங்கியொன்றிலிருந்து சுமார் 1 கோடியே 20 இலட்சம் டொலர் களவு போயிற்று. வங்கிகளிடையே பணக் கட்டளைகளைக் கொண்டு செல்லும் 'ஸ்விப்ட்' ஸ்தாபனத்துக்கு அது அப்பொழுது அறிவிக்கப்படவில்லை. 2016 பெப்ரவரியில், வங்காளதேச மத்திய வங்கிக்கு நியூ யோர்க்கில் இருந்த கணக்கிலிருந்து ஏறக்குறைய 95 கோடி டொலரை மாற்றுமாறு போலிக் கட்டளைகள் சென்றன. பெரும்பாலானவை தடுக்கப்பட்டபோதிலும், 8 கோடியே 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்சை அடைந்துவிட்டது. இலங்கைக்கு அனுப்பப்பட்ட 2 கோடி டொலர் மீட்கப்பட்டது. ஆங்கிலச் சொல்லொன்றின் எழுத்துப் பிழை எழுப்பிய ஐயமே அதற்கு உதவிற்று. முதற் களவின் செய்தி உரிய காலத்திற் பரவியிருப்பின் ஏனைய வங்கிகள் விழிப்படைந்திருக்கக் கூடுமன்றோ?

இக்குறைக்குப் பரிகாரம் கூட்டுறவே. 1988 நவம்பரில் 'மொறிஸ் புழு' என்னும் தீய நிரல் ஆயிரக்கணக்கான கணினிகளைச் செயலிழக்கச் செய்தது. அதன் விளைவாக அம்மாதமே அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஓர் அவசர உதவிக் குழு அமைந்தது. 1990இல் 'ஃபர்ஸ்ட்' என்னும் சர்வதேச மன்றம் தோன்றிற்று. அரசுகள், வங்கிகள், பல்கலைக்கழகங்கள், வணிக நிறுவனங்கள் ஆகியவற்றின் பாதுகாப்புக் குழுக்கள் அதில் அங்கம் வகிக்கின்றன. 2006இல் நிறுவப்பட்ட இலங்கையின் தேசியக் குழுவும் அவற்றுள் ஒன்று.

அங்கத்தவராகச் சேர விரும்பும் குழுவுக்காக, ஏற்கெனவே அங்கத்துவம் பெற்ற குழுக்கள் பொறுப்பேற்றுப் பரிந்துரைத்தல் வேண்டும். பகிரப்படும் செய்திக்கும் நிறத்தால் எல்லை வகுத்துள்ளனர். சிவப்பு எனின், கேட்டவரைத் தாண்டலாகாது. மஞ்சட் செம்மை எனின், நிறுவனத்துக்குள்ளும் அதன் வாடிக்கையாளரிடத்தும் தேவையானோருக்கு மட்டும் சொல்லலாம். பச்சை எனின், அங்கத்தவர் சமூகத்துள்ளே பரப்பலாம். நிறமற்றது எல்லார்க்கும் உரியது. இரகசியம் காக்கப்படும் என்ற நம்பிக்கை பிறந்தாலன்றி, இழந்தவர் வாய் திறவார்.

ஆகவே அங்கத்துவம் என்பது சுவரில் மாட்டும் பத்திரமன்று. தனக்கு நேர்ந்த கேட்டைப் பிறர்க்கு முன்னதாக உரைக்கும் கடமையே அது. மாணவர்களும் இதனை மனங்கொள்க: ஏமாற்றப்பட்டவர் நாணி ஒளிப்பின், அடுத்த வீட்டின் வாயிலும் கள்வனுக்குத் திறந்தே கிடக்கும்.