விருந்தாளியால் கையெழுத்திட முடியாது

கொல்கத்தா டல்ஹௌசி ஆகட்டும், நம் அண்ணா சாலை ஆகட்டும், விண்டோஸ் 11-க்கு மாறிய சிறு அலுவலகங்களைத் திகைக்க வைக்கும் தொல்லை ஒன்று உண்டு. இணையம் வருகிறது, பிரின்டர் ஓடுகிறது. எல்லோரும் பயன்படுத்தும் ஷேர்டு ஃபோல்டர் மட்டும் திறப்பதில்லை. பத்தாண்டுக் கணக்குகளும் ஒப்பந்தங்களும் போய்விட்டனவோ என்று வயிறு கலங்கும். ஒரு கோப்பும் போகவில்லை. கோப்புகள் இருக்கும் பெட்டியை இந்தக் கணினி இனி நம்புவதில்லை, அவ்வளவுதான்.

1983-இல் ஐபிஎம் பொறியாளர் பேரி ஃபெய்கன்பாம் வகுத்த எஸ்எம்பி என்ற நெறிமுறையின் வழித்தோன்றலில்தான் இன்றும் விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிர்கின்றன. ஃபோல்டரைச் சொடுக்கியதும், தனக்குத் தெரிந்த பதிப்புகளை நம் கணினி வரிசையாகச் சொல்கிறது. எதிர்முனை அவற்றில் தனக்கும் தெரிந்த மிகப் புதியதைத் தேர்கிறது. பொதுவாக ஒன்றும் இல்லையென்றால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும்.

2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு இன்னொன்றும் கேட்கிறது: வந்துபோகும் ஒவ்வொரு செய்தியிலும் கையெழுத்து இருக்க வேண்டும். செய்தியையும் ஒரு ரகசியச் சாவியையும் சேர்த்துக் கணக்கிட்ட எண் அது. வழியில் எவரேனும் ஒரே ஒரு பிட்டை மாற்றினாலும் எண் பொருந்தாது. அந்தச் சாவி எங்கிருந்து வருகிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். நாம் கொடுக்கும் கடவுச்சொல்லில் இருந்து அது பிறக்கிறது. ஆனால் அந்தக் கடவுச்சொல் கம்பியில் பயணிப்பதே இல்லை. இரு முனைகளும் தனித்தனியே கணக்கிட்டு ஒரே சாவியை வந்தடைகின்றன. கடவுச்சொல் இல்லாமல் ‘கெஸ்ட்’ என்று நுழைகிறவருக்குச் சாவியே கிடையாது. கையெழுத்திட வழியும் இல்லை. ஆண்டுக்கணக்காகப் பூட்டில்லாமல் கிடந்த பெட்டிகள் இங்கேதான் மாட்டிக்கொள்கின்றன.

இந்தக் கெடுபிடி வீம்பல்ல. 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வான்னாக்ரை என்ற தீநிரல், எஸ்எம்பியின் முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியே கணினிக்குக் கணினி தானாகத் தாவியது. கொல்கத்தா சால்ட் லேக்கைத் தலைமையிடமாகக் கொண்ட மேற்கு வங்க மின் பகிர்மானக் கழகத்தின் மேற்கு மெதினிப்பூர் அலுவலகங்கள் சிலவற்றிலும் கணினிகள் முடங்கின. ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச்சிலேயே வெளிவந்திருந்தது. நிறுவாமல் விட்ட கணினிகள்தான் அகப்பட்டன. அந்த ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும்போது எஸ்எம்பியின் முதல் பதிப்பு முழுதாகச் சேர்ந்து வருவதில்லை.

அதனால், பழைய எஸ்எம்பியை மறுபடி இயக்கு, கையெழுத்துச் சோதனையை நிறுத்து என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உடனே ஃபோல்டர் திறக்கும். கூடவே 2017-இன் கதவும் திறக்கும். முதலில் சேமிப்புப் பெட்டியின் ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள். அதன் அமைப்புகளில் எஸ்எம்பி 2 அல்லது 3-ஐத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு ஊழியருக்கும் தனித்தனிப் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுங்கள். விண்டோஸின் கிரெடென்ஷியல் மேனேஜரில் தங்கியிருக்கும் பழைய பதிவை அழித்துவிட்டு, புதிய பெயரில் நுழையுங்கள். புதிய எஸ்எம்பியே தெரியாத அளவுக்குப் பெட்டி பழையது என்றால், கோப்புகளை நகலெடுத்துக்கொண்டு அதற்கு ஓய்வு கொடுப்பதுதான் சரி.