கடல் கடந்த வாணிகமும் கணினி விளையாட்டும்

ஒரு பொருள் விளையும் இடமும் அது விரும்பப்படும் இடமும் வேறாயிருத்தலே கடல் வாணிகத்துக்கு மூலகாரணம். இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டு எழுந்த கணினி விளையாட்டுக்களுள் ஒன்று 'அன்னோ 1800'. ஜேர்மனியிலுள்ள புளூ பைட் கூடத்தார் ஆக்கிய இதனை யூபிசொஃப்ட் நிறுவனம் 2019ஆம் ஆண்டில் வெளியிட்டது. யந்திரத் தொழில் தலையெடுத்த காலத்து நகரமொன்றை அமைத்து வளர்ப்பதே ஆடுவோரின் பணி.

நகரம் முதலில் தன் தீவுகளின் விளைவைக் கொண்டே வாழும். உழவரும் தொழிலாளரும் கேட்பன மீன், ரொட்டி, சவர்க்காரம் போன்றவை. கைவினைஞர் தோன்றியதும் நிலைமை மாறுகின்றது. அவர்கள் மென்மயிர்த்தோல் அங்கி வேண்டுவர். அதற்குரிய தோல் பழைய உலகத்திலே கிடைக்கும். பருத்தித் துணியோ புதிய உலகத் தீவுகளிலிருந்து வரவேண்டும். அங்கி இல்லையேல் கைவினைஞர் பொறியியலாளராக உயரார். நகரத்தின் எதிர்காலம் முழுவதும் ஒரு கப்பலின் வரவை எதிர்பார்த்து நிற்கின்றது எனலாம்.

வழியமைத்தல் எவ்வாறு? முதலிற் பருத்தி விளையும் தீவொன்றைத் தேர்ந்து, தோட்டமும் ஆலையும் பண்டசாலையும் நிறுவுதல் வேண்டும். எல்லாத் தீவிலும் எல்லாப் பயிரும் விளையா. பின்னர், எத்துறைமுகத்தில் எப்பொருளை எத்தனை தொன் ஏற்றுவது, எங்கே இறக்குவது என்பவற்றை வரையறுத்துக் கப்பலுக்குக் கட்டளையிடுதல் வேண்டும். அதன்பின் கப்பல் தானே போய் வரும்.

இங்கே கணக்கே தலைவன். ஒரு நெசவாலை சாதாரணமாக நிமிடத்துக்கு 2 தொன் துணி தரும். ஓர் அங்கிச்சாலை அதே அளவைச் செலவிடும். கப்பல் போய்த் திரும்ப 25 நிமிடம் ஆகுமெனக் கொள்வோம். அவ்வேளையில் 50 தொன் துணி சேரும். ஒரு சரக்கறை கொள்ளும் அளவும் 50 தொன்னே. இரண்டு அறைகளுள்ள சிறு பாய்க்கப்பல் இரண்டு அங்கிச்சாலைகளுக்குப் போதும். அதற்கு மேலும் வேண்டின், அல்லது அதே கப்பலிற் கைவினைஞர் விரும்பும் ரம் மதுவையும் ஏற்றுவதாயின், நான்கு அறைகளுள்ள கிளிப்பர் கப்பலையோ இன்னொரு கப்பலையோ நாடவேண்டும்.

ஆயினும் காற்று எதிர்த்தாற் பாய்க்கப்பல் தாமதிக்கும். கடற்கொள்ளையர் தாக்குவதும் உண்டு. ஆதலின் அறிவுடையோர் பண்டசாலையில் ஒரு சேமிப்பு நிறைந்த பின்னரே புதுக் குடியினரைப் பெருக்குவர். இறக்குமிடம் நிறைந்துவிடின், எஞ்சிய சரக்கு அறையை அடைத்துக்கொண்டு அடுத்த பயணத்தையும் கெடுக்கும். திரும்பும் கப்பல் வெறுமையாகச் செல்வதும் வீணே. புதிய உலகத்து மக்கள் தையல் இயந்திரமும் பியரும் வேண்டுவராதலின், அவற்றை ஏற்றி அனுப்பின் இருகரையும் பயன்பெறும்.

இவ்விளையாட்டு மறைப்பதும் ஒன்றுண்டு. அடிமைமுறை இதில் இடம்பெறவில்லை. பிரித்தானியப் பாராளுமன்றம் அடிமை வாணிகத்தை 1807இலும், அடிமைமுறையைப் பேரரசின் பெரும்பகுதியில் 1833ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் ஒழித்தது; ஐக்கிய அமெரிக்காவின் பருத்தித் தோட்டங்களில் அது 1865 வரை நிலவியது. விளையாட்டிற் சேரும் மற்றொரு சரக்கு கோப்பி. அதே நூற்றாண்டில் இலங்கை மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களில் உழைத்தோருட் பெரும்பாலோர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரே. திரையில் 50 தொன் என்று தோன்றும் எண்ணுக்குப் பின்னால், உண்மை வரலாற்றில் மனிதரின் முதுகும் வியர்வையும் இருந்தன. கணக்கைக் கற்பிக்கும் விளையாட்டு நன்றே. கணக்கில் வராதவரையும் நினைப்பது அதனினும் நன்று.