போல்ட்டை இறுக்கினால் மட்டும் போதுமா?

போடியில் கிளம்பி முந்தல் சோதனைச் சாவடி வரும்வரை வண்டியில் ஒரு சத்தமும் இருக்காது. ஏற்றம் தொடங்கி முதல் வளைவில் திருப்பும்போது பின்னால் அடியிலிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம். கிளட்சை விட்டு வண்டி இழுக்கும்போது இன்னொன்று. மேலே போடிமெட்டு போய்ச் சேர 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏலக்காய் பறிப்புக் காலத்தில் ஆளும் உர மூட்டையும் ஏற்றிப் போகும் பழைய பிக்கப், ஜீப் ஓட்டுநர்களுக்கு இந்தச் சத்தம் புதிதல்ல. ஸ்பேனரை எடுத்து இறுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். பத்து நாளில் அதே ‘டொக்’ திரும்ப வரும். ஏன் வருகிறது, எப்படி நிறுத்துவது என்று பார்ப்போம்.

எது எதைப் பிடித்திருக்கிறது?

இந்த வண்டிகளின் பின்பக்கம் பாரத்தைத் தாங்குவது கமான் பட்டை. வில்போல வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கி, நடுவில் சென்டர் போல்ட் போட்டு, அச்சோடு சேர்த்து யூ போல்ட்டால் கட்டியிருப்பார்கள். எல்லாவற்றுக்கும் நீளமான மெயின் பட்டையின் இரு முனைகளும் சுருண்டு வளையமாக இருக்கும். முன் வளையம் சேசிஸில் உள்ள பிராக்கெட்டில் நேராக மாட்டியிருக்கும். பின் வளையம் ஷேக்கிள் என்ற ஊசலாடும் இணைப்பில் தொங்கும். பாரம் ஏறி பட்டை நிமிரும்போது அதன் நீளம் கூடுவதால் அந்த ஊசல் தேவை. வளையத்துக்குள் ரப்பர் புஷ், அதன் வழியே ஒரு பெரிய போல்ட்.

ஆக, தளர்வதற்கு மூன்று இடங்கள் உண்டு: பிராக்கெட்டைச் சேசிஸோடு பிடிக்கும் போல்ட்டுகள், பட்டை வளையத்தின் போல்ட், யூ போல்ட்டுகள். மூன்றுக்கும் சத்தம் ஒன்றுபோலவே இருக்கலாம். சத்தத்தை மட்டும் கேட்டு முடிவு செய்யாமல், குனிந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

போல்ட் பிடிக்கும் விதம்

சுவரில் அடித்த ஆணிபோல போல்ட் குறுக்கே நின்று பாரத்தைத் தாங்குகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மை வேறு. நட்டை முறுக்க முறுக்க போல்ட் மயிரிழை அளவு நீள்கிறது. நீண்ட எஃகு சுருங்கப் பார்க்கிறது. அந்த இழுப்புதான் பிராக்கெட்டைச் சேசிஸோடு வைத்து அழுத்துகிறது. அழுத்தத்தால் இரண்டு இரும்புக்கும் இடையே உண்டாகும் உராய்வுதான் பாரத்தை ஏற்கிறது. 8.8 தரத்தில் 12 மி.மீ. போல்ட் ஒன்றைச் சரியாக இறுக்கினால், ஏறத்தாழ மூன்றரை முதல் நான்கு டன் எடைக்குச் சமமான விசையில் அது இரண்டையும் அழுத்திப் பிடிக்கும்.

அந்த இழுப்பு குறைந்துபோனால் கதை மாறுகிறது. ஒவ்வொரு வளைவிலும் பிராக்கெட் சேசிஸ் மேல் இம்மியளவு இப்படியும் அப்படியும் வழுக்கும். போல்ட் நிஜமாகவே ஆணியாகிவிடும். அடி முழுவதும் அதன் மேல் விழும். பக்கவாட்டில் வழுக்கும் இணைப்பில் நட்டு தானாகவே கழலும் என்பதை 1969-இல் ஜெர்மானியப் பொறியாளர் ஜுங்கர் சோதனை மூலம் காட்டினார். நாம் நம்பிப் போடும் ஸ்பிரிங் வாஷர் இதைத் தடுப்பதில்லை என்பதும் அத்தகைய சோதனைகளில் தெரிந்தது.

மலைப்பாதை இதற்கென்றே அமைந்ததுபோல இருக்கிறது. போடியிலிருந்து மெட்டுவரை சுமார் 26 கி.மீ. தூரத்தில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் உயரம் ஏறுகிறோம். ஏறும்போது பாரம் பின்னுக்குச் சாயும், இறங்கும்போது பிரேக் முன்னுக்குத் தள்ளும், வளைவுக்கு வளைவு இடமும் வலமும் மாறும். தார்ச் சாலையை விட்டுத் தோட்டப் பாதையில் இறங்கினால் கல்லும் குழியும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். மழைக்காலச் சேறும் ஈரமும் துருவைக் கூட்டும்.

கண்டுபிடிப்பது

அடிப்பகுதியைக் கழுவிக் காயவிட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். போல்ட் தலையைச் சுற்றிச் செம்பழுப்பு நிறத்தில் மாவுபோலத் துரு கசிந்திருந்தால் அங்கே இரும்பு இரும்போடு தேய்கிறது என்று பொருள். வாஷர் ஓரம் பளபளவென்று தேய்ந்திருப்பதும், பெயிண்ட் வெடித்திருப்பதும் அதே அடையாளங்கள். பிறகு சமதளத்தில் சக்கரங்களுக்கு அண்டைக் கல் வைத்து, ஒருவர் வண்டியின் பாடியைப் பிடித்து ஆட்ட, நீங்கள் பக்கவாட்டில் நின்று பிராக்கெட்டும் சேசிஸும் சேரும் இடத்தில் விரலை வைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத அசைவுகூட விரலுக்குத் தெரியும்.

சரிசெய்வது

வேலை சமதளத்தில்தான். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. சேசிஸுக்குக் கீழே ஸ்டாண்டு கொடுத்த பிறகே உள்ளே போக வேண்டும்.

தளர்ந்த போல்ட்டை அப்படியே இறுக்காமல் முழுதாகக் கழற்றுங்கள். தளர்ந்து ஓடிய போல்ட்டின் மரை நசுங்கியிருக்கும், தண்டு ஓரிடத்தில் தேய்ந்து இளைத்திருக்கும். அதைத் திரும்பப் போட வேண்டாம். புதிதாக வாங்கும்போது தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். பழையதில் இருந்த தரத்துக்குக் குறையக் கூடாது. 4.6 தரச் சாதா போல்ட் 8.8-இன் பாதி இழுப்பைக்கூடத் தாங்காமல் நீண்டுவிடும். பழைய ஜீப் வகைகளில் அங்குல மரை இருக்கலாம். அதில் மில்லிமீட்டர் நட்டை வம்பாக ஏற்றினால் இரண்டும் கெடும். பழைய போல்ட்டைக் கடைக்கே கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குவது நல்லது.

இரண்டு இரும்பும் சேரும் முகத்தில் உள்ள துரு, சேறு, தடித்த பெயிண்ட் எல்லாவற்றையும் கம்பி பிரஷால் சுரண்டி எடுங்கள். இதை விட்டால், இறுக்கிய பிறகு அந்த அடுக்கு நசுங்கி இழுப்பு குறைந்துவிடும். பத்து நாளில் சத்தம் திரும்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இறுக்கும்போது டார்க் ரெஞ்ச் பயன்படுத்துங்கள். அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். ஒரு கணக்குக்காகச் சொன்னால், 12 மி.மீ. 8.8 போல்ட்டுக்குச் சுமார் 80 நியூட்டன் மீட்டர். அதாவது ஒரு மீட்டர் நீளக் குழாயின் நுனியில் எட்டு கிலோ தொங்கவிட்ட முறுக்கு. நாம் போடும் முறுக்கில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு உராய்வுக்கே போகிறது, ஒரு பங்குதான் போல்ட்டை இழுக்கிறது. அதனால்தான் துருப்பிடித்த மரையில் கை வலிக்க முறுக்கினாலும் போல்ட் இறுகியிருக்காது. மரையில் எண்ணெய் தடவினால் அதே முறுக்கில் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும்.

ஸ்பிரிங் வாஷருக்குப் பதிலாக நைலான் வளையம் உள்ள லாக் நட்டைப் போடுங்கள். கழற்றியதைத் திரும்பப் போடாதீர்கள். லாக் நட்டு இல்லாவிட்டால் மரையை நன்றாகத் துடைத்து, நீலநிற மரைப்பசை இடலாம். சிவப்புப் பசை வேண்டாம். பின்னால் கழற்றுவதற்கு நெருப்பு காட்ட வேண்டிவரும்.

பட்டை வளைய போல்ட்டுக்கு மட்டும் ஒரு தனி விதி உண்டு. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது அதைக் கடைசிவரை இறுக்கக் கூடாது. அப்படிச் செய்தால் ரப்பர் புஷ் அந்த நிலையிலேயே பிடிபட்டு, வண்டி தரையில் நின்றதும் முறுகி, சீக்கிரம் கிழியும். வண்டியை இறக்கி, பாரம் சக்கரத்தில் வந்த பிறகே இறுதி முறுக்கு. யூ போல்ட் நட்டுகளைக் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும்.

இறுக்கினாலும் நிற்காதவை

பிராக்கெட் துளை முட்டை வடிவில் தேய்ந்திருந்தால் எந்தப் போல்ட்டும் அங்கே நெடுநாள் நிற்காது. பிராக்கெட்டை மாற்ற வேண்டும், அல்லது துளையைப் பெரிதாக்கி அதற்குச் சரியாகப் பொருந்தும் பெரிய போல்ட் போட வேண்டும். சேசிஸில் தலைமுடிபோல விரிசல் தெரிந்தால் அது பட்டறை வேலை. வெல்டிங் வைக்கும்முன் பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள். கமான் பட்டை மேல் ஒரு பொறிகூடத் தெறிக்காதபடி ஈரச் சாக்கு போட்டு மூடச் சொல்லுங்கள். சூடுபட்ட இடத்தில் பட்டையின் பதம் போய், பின்னொரு நாள் அங்கேயே உடையும்.

நடுமலையில் தளர்வு தெரிந்தால் ஆட்களை இறக்கிவிட்டு, முடிந்தவரை இறுக்கி, இறக்கத்தில் முதல் அல்லது இரண்டாம் கியரில் வண்டியை இறக்குங்கள். அது கீழே வந்து சேர்வதற்கான ஏற்பாடு மட்டுமே.

வேலை முடிந்ததும் நட்டிலிருந்து பிராக்கெட் வரை வெள்ளைப் பெயிண்ட்டால் ஒரு கோடு போடுங்கள். புதிதாக இறுக்கியதைச் சுமார் 500 கி.மீ. ஓடிய பிறகு மறுபடி சோதிக்க வேண்டும். மெட்டுக்குப் பத்து முறை போய்வந்தால் அந்தத் தூரம் ஆகிவிடும். மற்ற நாட்களில், ஆள் ஏற்றும் முன் குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தால் போதும். கோடு பிசகியிருந்தால் நட்டு நகர்ந்துவிட்டது என்று பொருள். முந்தலைத் தாண்டும் முன்பே அது உங்களுக்குத் தெரிந்துவிடும்.