மான்ட்ரியல் உடன்பாடும் வால்பாறைத் துண்டுச் சோலைகளும்

2022 டிசம்பரில் கனடாவின் மான்ட்ரியல் நகரில் நிறைவேறிய உயிர்ப்பன்மை உடன்பாட்டில் இரண்டு இலக்குகள் முக்கியமானவை. ஒன்று, 2030-க்குள் உலகின் நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தைப் பாதுகாப்பது. மற்றொன்று பணம்: வளர்ந்த நாடுகள் வளரும் நாடுகளுக்கு 2025-க்குள் ஆண்டுக்கு 2,000 கோடி டாலர், 2030-க்குள் 3,000 கோடி டாலர் தர வேண்டும். அவர்கள் ஏன் தர வேண்டும் என்று கேட்பவர்கள் ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறைக்கு வந்து பார்க்கலாம்.

சுமார் 220 சதுர கிலோமீட்டர் பீடபூமி இது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரிட்டிஷ் தோட்டக்காரர்கள் மழைக்காட்டை வெட்டிக் காபியும் தேயிலையும் போட்டார்கள். விளைந்தது கப்பலேறிப் போனது. மிஞ்சியவை, எஸ்டேட்டுகளுக்கு நடுவே திட்டுத்திட்டாக நிற்கும் நாற்பதை ஒட்டிய சோலைகள். சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம். அதிலுள்ள கரியன்சோலையும் கிராஸ் ஹில்ஸும், யுனெஸ்கோ 2012-ல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்த மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 இடங்களில் அடங்கும். பொள்ளாச்சி, உடுமலை விவசாயிகளுக்கு இதில் நேரடிப் பங்கும் உண்டு. பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்டத்தின் (பிஏபி) வாய்க்காலில் அவர்கள் எதிர்பார்த்திருக்கும் தண்ணீரில் இந்த மலைகளில் பெய்யும் மழையும் இருக்கிறது.

சோலை துண்டானால் என்ன ஆகும் என்பதைப் புதுத்தோட்டத்தில் காணலாம். மரம் விட்டு மரம் தாவிப் பழகிய சிங்கவால் குரங்குகள், இடையில் சாலை வந்ததும் தரையில் இறங்கின; வண்டிகளில் அடிபட்டன. பழைய தீயணைப்புக் குழாய்களை இருபுறத்து மரங்களிலும் இழுத்துக் கட்டி, சாலைக்கு மேலே பாலம் அமைத்த பிறகு அவற்றில் நடந்து கடக்கக் கற்றுக்கொண்டன. மைசூருவைச் சேர்ந்த நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் இங்கே 20 ஆண்டுகளுக்கு மேலாக வேலை செய்கிறது. சாலையோரம் விழுந்து வீணாகும் விதைகளைப் பொறுக்கி நாற்றங்காலில் வளர்த்து, உண்ணிச்செடியை அகற்றி, சிதைந்த சோலைகளில் மழைக்காலத்தில் நடுகிறார்கள். நிலம் எஸ்டேட் கம்பெனிகளுடையது என்பதால் அவர்களின் சம்மதத்தோடுதான் எல்லாம் நடக்கிறது.

இந்த வேலையின் பலனை அளந்த ஆய்வு ஒன்று 2019-ல் வெளியானது. நட்டு 7 முதல் 15 ஆண்டுகள் ஆன இடங்களில், சும்மா விடப்பட்ட இடங்களைவிட மரங்களும் கரிமச் சேமிப்பும் கூடியிருந்தன. ஆனாலும் அவை சிதையாத காட்டை எட்டவில்லை.

பணம் தருபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். உலக வங்கி, ஜப்பான், ஐரோப்பிய ஒன்றியம் உள்ளிட்டோர் பணம் போட்ட ஒரு கூட்டு நிதி, பெங்களூரு ஏட்ரீ நிறுவனம் வழியாக மேற்குத் தொடர்ச்சி மலையில் 2008 முதல் 2015 வரை சிறு மானியங்கள் வழங்கியது. நல்ல முயற்சி, ஏழு ஆண்டில் முடிந்தது. யானை நடமாட்டத்தைக் குறுஞ்செய்தியாலும் சிவப்பு விளக்காலும் ஊருக்குச் சொல்லும் முறைக்காக நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷனின் ஆனந்த குமாருக்கு 2015-ல் பிரிட்டனின் விட்லி விருது கிடைத்தது. விருதுப் பணத்துக்கும் ஒரு முடிவு உண்டு. யானை வருவது நிற்காது. ஒரு சோலை மீள முப்பது, நாற்பது ஆண்டுகளாவது வேண்டும் என்னும்போது, ஐந்தாண்டுத் திட்டமும் அதன் முடிவறிக்கையும் எதற்குக் காணும்?

இன்னொரு குறை, கடன். தமிழ்நாடு வனத்துறையின் பெரிய பசுமைத் திட்டங்கள் பலவற்றுக்கு ஜப்பானின் வளர்ச்சி உதவி நிறுவனமான ஜைக்கா துணை நிற்கிறது. 2022-ல் தொடங்கிய திட்டத்தின் மதிப்பு சுமார் 920 கோடி ரூபாய். பெரும்பகுதி வட்டி குறைந்த கடன்தான், உதவிகரமானதும்கூட. ஆனால் கடனைத் திருப்பிக் கட்டுவது நாம். வெளிநாட்டுச் சந்தைக்காக அழிந்த காட்டை மீட்கும் செலவையும் நாமே சுமப்பது நியாயமாகப் படவில்லை. மான்ட்ரியலில் சொன்ன தொகையில் எவ்வளவு மானியம், எவ்வளவு கடன் என்று பிரித்துக் கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது.

அதே உடன்பாடு பழங்குடிகளின் உரிமையையும் வலியுறுத்துகிறது. இங்கே கல்லார்குடி காடர்கள் 2019 மழையில் நிலச்சரிவுக்கு ஊரைப் பறிகொடுத்துவிட்டு, தெப்பக்குளமேட்டில் குடியேற நிலம் கேட்டு இரண்டு ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. இனி வரும் எந்த நிதியானாலும், எந்தச் சோலையில் எந்த மரத்தை நடுவது, எந்தப் பாதையை யானைக்கு விடுவது என்று முடிவெடுக்கும் கூட்டத்துக்குக் காடர்களையும் எஸ்டேட் தொழிலாளர்களையும் முதலில் அழைக்க வேண்டும்.