வேம்பு கருகினால் வெட்டிடாதீங்க!

வீட்டில் யாருக்காவது அம்மை போட்டால், வாசலில் முதலில் தொங்குவது வேப்பிலைதான். ஊருக்கே மருந்தாக நிற்கிற அந்த மரத்துக்கே நோய் வந்தால்?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் மழைக்காலம் முடிகிற நேரத்தில் சில வேப்பமரங்களைப் பாருங்கள். கிளை நுனியெல்லாம் தீயில் வாட்டியது போலக் கருகியிருக்கும். "கண்ணு பட்டுடுச்சு" என்பார் ஒருவர். "எல்லாம் சிமெண்ட் தூசிதான்" என்பார் இன்னொருவர். ஆனால், சிமெண்ட் ஆலையே இல்லாத ஊர்களிலும் வேம்பு இப்படிக் கருகுகிறது. 2021-ன் கடைசியில் தெலங்கானாவில் ஊர் ஊராகக் கருகியது.

இதற்குப் பெயர் நுனிக்கருகல் நோய். காரணம், 'போமாப்சிஸ் அசாடிராக்டே' என்கிற பூஞ்சணம். மைசூர் ஆய்வாளர்கள் 1997-ல் இதற்குப் பெயர் வைத்தார்கள். மழைச்சாரல், காற்று, விதை வழியாக இது பரவும். நுனியில் தொடங்கி அடிநோக்கிக் காய்ந்துகொண்டே வரும். பூவும் காயும்கூடத் தப்பாது.

கூடவே இன்னொரு எதிரியும் உண்டு: தேயிலைக் கொசு. பெயர்தான் கொசு, உண்மையில் சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி. ஆண்டிமடம், செந்துறைப் பக்கம் முந்திரி வைத்திருப்பவர்களுக்கு இது பழைய பகையாளி. முந்திரித் தளிரைக் காயவைக்கிற அதே பூச்சிதான் வேப்பந்தளிரிலும் உட்காருகிறது.

சரி, என்ன செய்யலாம்?

மரம் செத்துவிட்டது என்று உடனே கோடரியை எடுக்காதீர்கள். பெரிய மரம் பெரும்பாலும் மாசி, பங்குனியில் மறுபடி துளிர்த்துவிடும். கன்றுகள்தான் தாங்காது. அதனால் கன்றில் காய்ந்த நுனியை, மழையில்லாத நாளில், கொஞ்சம் பச்சைப்பகுதியும் சேர்த்து வெட்டி எரித்துவிடுங்கள். நோய் கண்ட மரத்தின் விதையை நாற்றுக்கு எடுக்காதீர்கள்.

வீட்டு மரத்துக்குக் கண்டபடி மருந்தடிக்கவும் வேண்டாம். உயரத்தில் அடிக்கிற மருந்து காற்றில் பறந்து கிணற்றிலும் மாட்டுத் தீவனத்திலும் விழும். கருகிய கிளை ஒன்றை எடுத்துக்கொண்டு வாலிகண்டபுரத்திலோ சோழமாதேவியிலோ உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டிக் கேளுங்கள். மருந்தடித்த மரத்தின் இலை, பூவை மருந்துக்கும் சமையலுக்கும் பறிக்கக்கூடாது.

வேப்பங்கொட்டை பொறுக்கி நாலு காசு பார்க்கிற பெண்கள் நம் ஊரில் எத்தனை பேர்! மரம் பூக்காவிட்டால் ரசத்துக்குப் பூ மட்டுமா போகும்? அவர்கள் கைக்காசும் போகும். நம் காய்ச்சலுக்கு வேம்பு எத்தனையோ முறை காவல் நின்றிருக்கிறது. அதற்கு ஒரு நோய் என்றால், பங்குனி வரைக்குமாவது நாம் பொறுத்திருக்க வேண்டாமா?